ஓட்டை போடாமல்

எங்கள் ஊரில் பிராக்கெட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளாம்ப்தான். குழாயைச் சுற்றிப் பிடிப்பதும் கிளாம்ப், ‘எல்’ மாதிரி மடித்த பட்டையும் கிளாம்ப், நம்பர் பிளேட்டைத் தாங்குகிற தகடும் கிளாம்ப். “தம்பி, இதுக்கு ஒரு கிளாம்ப் அடிச்சுக் குடு” என்று வந்து நிற்பவர் கையில் ஒரு விளக்கோ, பெட்டியோ, செல்போன் ஹோல்டரோ இருக்கும். வாசலில் அவருடைய பைக் நிற்கும். விளக்கைச் செய்த கம்பெனி அந்த பைக்கைப் பார்த்திருக்காது. பைக்கைச் செய்த கம்பெனிக்கு அந்த விளக்கு வரப்போவதே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து அங்குலம் காலியாகக் கிடக்கும். அந்த இடம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, இந்திரா நகரில் ஒரு தகர ஷெட். ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு டிரில்லிங் மெஷின், கையடக்க கிரைண்டர், சின்ன வெல்டிங் செட், ஏழெட்டு அரம். ஆறு வருடமாக இதே சாமான்கள்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் நண்பர்களுக்காக குவார்ட்டர்ஸ் பின்பக்கம், பலா மரத்தடியில் உட்கார்ந்து ஆரம்பித்தது. காசு வாங்க ஆரம்பித்ததும் ஷெட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த ஊரில் இதற்குக் கிராக்கி இருப்பதற்குக் காரணம் ஷிப்ட். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் பார்க்காது. நைட் ஷிப்ட் முடிந்து வடலூர் பக்கமும் விருத்தாசலம் பக்கமும் கிராமங்களுக்குத் திரும்புகிறவர்கள், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வெளிச்சமில்லாத ரோட்டில் போகிறார்கள். மார்கழியில் பனி இறங்கினால் முன்னால் போகும் வண்டி தெரியாது. அதனால் கூடுதல் விளக்கு. மழைக்கோட்டும் சாப்பாட்டு டப்பாவும் வைக்கப் பெட்டி. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் எக்ஸ்எல் மொபெட்டுக்கு அகலமான கேரியர். புது பைக்குகளுக்கு எல்லாமே ரெடிமேடாகக் கிடைக்கிறது. 1996இல் தயாரிப்பே நின்றுபோன ஆர்எக்ஸ் 100க்கு யார் கிளாம்ப் செய்து விற்பார்கள்? அதை வைத்திருப்பவர் என்னிடம்தான் வர வேண்டும்.

வேலை கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெட்டியான பழைய பத்திரிகைகளை வீடு வீடாக வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் அந்த அட்டையை வண்டியில் வைத்து, மடித்து, கத்தரித்து ஒரு அட்டைக் கிளாம்ப் செய்வேன். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்ப்பேன். எங்கேயும் இடிக்கக்கூடாது. முன் ஷாக் அப்சார்பரை அமுக்கிப் பார்ப்பேன். மேலே கீழே போகிற எதையும் தொடக்கூடாது. பிரேக் கேபிளும் கிளட்ச் கேபிளும் உரசக்கூடாது. அட்டை ஒத்துக்கொண்டால்தான் இரும்பு. “மணமகன், மணமகள்” என்று பொன்னெழுத்தில் போட்ட அட்டை ஒரு ஃபாக் லைட்டின் அளவாக மாறி, மேலே “ஸ்ப்ளெண்டர், இடது” என்று பேனாவால் எழுதப்பட்டு ஆணியில் தொங்கும். அப்படி நூற்றுக்கு மேல் தொங்குகிறது.

இரும்பு என்றால் பெரும்பாலும் எம்எஸ் பிளாட். இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலம், ஐந்து மில்லிமீட்டர் கனம். ஒரு மீட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். அட்டையை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, சென்டர் பஞ்ச் அடித்து, ஓட்டை போட்டு, அறுத்து, வைஸில் மடித்து, ஓரமெல்லாம் அரம் போட வேண்டும். அரம் போடுவது அழகுக்காக இல்லை. கிரைண்டர் விட்டுச்செல்லும் சின்னக் கீறல் ஒவ்வொன்றும் ஒரு விரிசலுக்கு வாசல்.

நிறைய பேர் நினைப்பது, கிளாம்ப் எடை தாங்காமல்தான் உடைகிறது என்று. அரைக்கிலோ விளக்கைத் தாங்க முடியாத இரும்பு எங்கேயும் கிடையாது. உடைப்பது எடை இல்லை, அதிர்வு. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 4500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 75 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருகிறது, வண்டி முழுக்க ஒரு உதறல். ஒரு மணி நேரத்தில் 2,70,000 உதறல். விளக்கு ஒவ்வொரு உதறலுக்கும் கொஞ்சமாகத் தலையாட்டுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்போமே, அதேதான். மிகச் சிறியதாக, மிக அதிக முறை.

இதில் இரும்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை உதறினாலும் அது சோர்ந்துபோகாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான எல்லை இல்லை. சின்ன உதறலையும் அது கணக்கு வைத்துக்கொண்டே போகும், ஒருநாள் கை விட்டுவிடும். அலுமினியத்தை ஒதுக்கச் சொல்லவில்லை, போதுமான கனத்தில் போட வேண்டும். “எடை கம்மியா இருக்கும்ணே, அலுமினியம் போடு” என்று காலேஜ் பையன்கள் கேட்கும்போது இதைத்தான் சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

உடையாமல் இருக்க எல்லோரும் சொல்லும் வழி, கனத்தைக் கூட்டு. சரிதான். பட்டையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் நீளத்தைப் பாதியாக்கினாலும் அதே எட்டு மடங்கு கிடைக்கிறது, எடையும் குறைகிறது. அதனால் யாராவது உடைந்த கிளாம்ப்பைக் கொண்டுவந்து “இன்னும் தடிமனா போடு” என்றால், நான் முதலில் விளக்கை இன்னும் பக்கத்தில் வைக்க இடம் இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு தொழிலில் ஒரு கணக்கு மட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது மடிப்பு. கூர்மையாக மடித்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உள்மூலையில் விரிசல் பிறக்கும். வைஸின் தாடையில் ஒரு வளைவான துண்டை வைத்து, பட்டையின் கனம் அளவுக்காவது உள்வளைவு வரும்படி மடிக்க வேண்டும். மடிப்பை ஒட்டி ஓட்டை போடக்கூடாது. வெல்டிங் வைத்தால் அது மடிப்பிலோ, அதிகம் ஆடும் இடத்திலோ முடியக்கூடாது. ரப்பர் வைக்கிற இடத்தில் ரப்பருக்கு நடுவே ஒரு சின்ன இரும்பு புஷ் போட வேண்டும். இல்லையென்றால் போல்ட்டை டைட் பண்ணப் பண்ண ரப்பர் நசுங்கும், நசுங்கிய ரப்பர் கல்லுக்குச் சமம். புஷ் இருந்தால் போல்ட் புஷ்ஷை இறுக்கும், ரப்பர் ரப்பராகவே இருக்கும்.

செல்போன் ஹோல்டர் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு விஷயம் தவறாமல் சொல்வேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போய் ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம், வண்டியில் நேரடியாக மாட்ட வேண்டாம் என்று. கை நடுங்கினாலும் படம் தெளிவாக வர, கேமராவுக்குள் லென்ஸை அசைத்துச் சரிசெய்கிற நுணுக்கமான அமைப்பு இருக்கிறது. மனிதக் கை நடுக்கத்துக்காகச் செய்தது, புல்லட்டுக்காகச் செய்ததில்லை. “லட்ச ரூபா போன்ணே” என்பார்கள். “அதனாலதான் சொல்றேன், பாக்கெட்ல வை. வழி தெரியணும்னா காதுல மாட்டிக் கேளு” என்பேன். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று பக்கத்து பஞ்சர் கடைக்காரர் சிரிப்பார்.

இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது இன்னொன்று. ஷெட்டுக்குள் நுழைகிற எல்லோரிடமும் முதலிலேயே ஒரு நிபந்தனை போடுவேன். வண்டியின் சேஸிஸில் ஓட்டை போட மாட்டேன், வெல்டிங் வைக்க மாட்டேன். கம்பெனி கொடுத்திருக்கிற போல்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிடிப்பேன். நாளைக்குக் கிளாம்ப்பைக் கழற்றினால் வண்டி முன்பு இருந்த மாதிரியே இருக்க வேண்டும்.

காரணம் கேட்டால் தொழில்நுட்பமாகச் சொல்லலாம். சேஸிஸ் குழாயின் சுவர் மெல்லியது. அதில் வெல்டிங் வைத்தால் சூடு பட்ட ஓரத்தில் பின்னாளில் விரிசல் வரும். பிஎஸ் 6 விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு பெரும்பாலான பைக்குகளில் ஃபியூவல் இன்ஜெக்ஷனும் அதற்கொரு கம்ப்யூட்டரும் இருக்கிறது. வெல்டிங் மின்சாரம் அதற்கு ஆகாது. சட்டமாகவும் சொல்லலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் இன்னொரு பக்கமும் உண்டு. பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது 123ஆம் விதி. நாம் சாரி கார்டு என்று சொல்வதுதான். ஸ்டைலுக்காக அதைக் கழற்றித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. கழற்ற மாட்டேன்.

ஆனால் அந்த நிபந்தனை எனக்கு வந்தது சட்டத்திலிருந்து இல்லை. குவார்ட்டர்ஸிலிருந்து.

நெய்வேலியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஒரு பொருள் வந்ததில் இந்த ஊரின் கதை தொடங்குகிறது. 1956இல் நிறுவனம் வந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த வருடம் அனல்மின் நிலையம் ஓடியது. வேலை செய்ய வந்தவர்களுக்காக வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமான சாலை போட்டு, மரம் வைத்து ஒரு நகரத்தையே கட்டினார்கள். அழகான ஊர். ஆனால் அதில் குடியிருந்த யாருக்கும் வீடு சொந்தம் கிடையாது. வேலை இருக்கும் வரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். முப்பது வருடம் வாழ்ந்த வீடாக இருந்தாலும் அதுதான் முறை.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருந்தார். பக்கெட் வீல் வெட்டிப்போடும் மண்ணையும் நிலக்கரியையும் கொண்டுபோகிற பெல்ட். எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கிற இரும்புக்கு நடுவில்தான் அவர் வேலை. “விரிசல் மொதல்ல இரும்புல தெரியாது, பெயின்ட்ல தெரியும். தலைமுடி மாதிரி ஒரு கோடு, அதுலேர்ந்து துரு வழியும்” என்பார். இன்றும் ஒரு வண்டி வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

வீட்டுக்குள் அவர் ஆணி அடிக்க விட மாட்டார். காலண்டர் மாட்டவும், சாமி படம் மாட்டவும், முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணிகள்தான். ஹாலில் மூன்று, அறையில் இரண்டு. எங்கள் வீட்டு சாமி படங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று, பெயர் தெரியாத யாரோ தீர்மானித்திருந்தார்கள். கொசுவலை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும். பாத்திர அலமாரி சுவரில் சாயாமல் தானே நிற்கும். அம்மா ஒரு ஷெல்ஃப் கேட்டபோது, அலமாரிக்கு மேலே தொங்குகிற மாதிரி இரும்புப் பட்டையை மடித்துக் கொக்கி செய்து மாட்டினார். ஒரு ஓட்டை இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் முதலில் பார்த்த கிளாம்ப் அதுதான். “நம்மளுது இல்லடா இது. வாங்கின மாதிரியே குடுக்கணும்” என்பதைத் தவிர அவர் வேறு விளக்கம் சொன்னதில்லை.

வண்டியில் கம்பெனி விட்டிருக்கிற போல்ட் ஓட்டைகளைத் தேடும்போது எனக்கு அந்த ஆணிகள் நினைவுக்கு வரும். முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன இடம். நமக்கு வேண்டிய இடத்தில் அது இருக்காது. அங்கிருந்து வேண்டிய இடம் வரை போவதற்குத்தான் மூளை.

நிலத்துக்கு இந்த நிபந்தனையை யாரும் போடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணையெல்லாம் எடுத்து, கீழே அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் பம்ப் செய்துதான் சுரங்கம் நடக்கிறது. அந்த மின்சாரத்தில்தான் என் டிரில்லிங் மெஷினும் ஓடுகிறது. நிலம் கொடுத்த ஊரிலிருந்து இடம் மாறிய பெரியவர் ஒருவர் கேரியர் வேலைக்கு வருவார். வழி சொல்லும்போது இன்று குழியாக இருக்கிற இடத்தில் இருந்த ஒரு புளியமரத்தை அடையாளம் சொல்வார். “அது இப்ப இல்ல தாத்தா” என்று யாராவது சொன்னால், “தெரியும்பா” என்பார். குழியை மூடி மேலே மரமும் வைக்கிறார்கள். ஆனால் கழற்றினால் பழையபடி ஆகும் வேலை அது இல்லை. ஒருவேளை அதனால்தான் இந்த ஊரில் என் வேலையாவது அப்படி இருக்கட்டும் என்று பிடிவாதம் வந்ததோ என்னவோ.

பிடிவாதத்துக்கு ஒரு சோதனையாக வந்தது ஊன்றுகோல்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். சின்ன வயதில் போலியோ. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டுகிறார். 2019 சட்டத் திருத்தம் வரை இந்த மாதிரி வண்டிக்குச் சட்டத்தில் ‘இன்வாலிட் கேரேஜ்’ என்று பெயர், இப்போது ‘அடாப்டட் வெஹிக்கிள்’. பெயர் கொஞ்சம் மரியாதையாகிவிட்டது. ஆனால் ஊன்றுகோலை எங்கே வைப்பது என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் அதை சீட்டுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

“ஓட்டும்போது பிரச்சனை இல்ல தம்பி. நிறுத்தினதும்தான். பின்னாடி திரும்பி கயிற அவுக்க முடியாது. யாராச்சும் வந்து எடுத்துக் குடுக்கணும். கடைப் பையன் எப்ப வர்றானோ அப்பதான் நான் கடைக்குப் போறது.”

அவரை வண்டியில் உட்காரச் சொன்னேன். “நிறுத்துற மாதிரி பண்ணுங்கண்ணே.” பிரேக், சாவி, ஸ்டாண்ட் லாக். “இப்ப எறங்கப் போறீங்க. மொதல்ல எந்தக் கை சும்மா இருக்கு?” அவருக்கே உடனே தெரியவில்லை. நான்கைந்து முறை செய்து பார்த்தார். வலது கை ஹேண்டில்பாரை விடவில்லை, உடம்பு அதில்தான் சாய்ந்திருந்தது. இடது கை தொடைக்குப் பக்கத்தில் காற்றில் எதையோ தேடியது. ஊன்றுகோல் இருக்க வேண்டிய இடத்தை அந்தக் கை காட்டிவிட்டது.

மூன்று பத்திரிகைகளை ஒட்டி அட்டை வெட்டினேன். கீழே, கூடுதல் சக்கரத்தின் சட்டத்தில் ஏற்கனவே இருந்த போல்ட்டில் ஒரு பட்டை. அதன் நுனியில் பிவிசி குழாய்த் துண்டும் மூடியும் சேர்த்து ஒரு கிண்ணம். மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க மூடியில் மட்டும் ஓட்டை, அது வண்டியின் ஓட்டை இல்லையே. மேலே, சீட்டுக்குக் கீழே இருந்த கைப்பிடி போல்ட்டில் ‘யு’ வடிவக் கவ்வி, உள்ளே லாரி டியூப் ரப்பர். கவ்வி முன்பக்கம் திறந்திருக்கும். குழியில் விழுந்தாலும் கழன்றுவிடக் கூடாது, கையால் இழுத்தால் உடனே வர வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. ரப்பரின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதில் ஒரு மதியம் போனது. டவுன்ஷிப்புக்கு வெளியே ரோடு நன்றாகக் குண்டும் குழியுமாக இருக்கும் இடத்தில் அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஊன்றுகோல் நின்றது.

“சட்டத்துலயே ஒரு வெல்டு வச்சிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்ல?” என்றார்.

“முடிஞ்சிருக்கும்ணே. ஆனா இந்த வண்டி போயி வேற வண்டி வந்தா, இதக் கழட்டி அதுல மாட்டிக்கலாம்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து நட்டு டைட் பண்ண வந்தார். புது கிளாம்ப் எதுவானாலும் முதல் நூறு கிலோமீட்டரில் ஒருமுறை டைட் பண்ண வேண்டும். நான் சொல்லித்தான் அனுப்பினேன், யாரும் வருவதில்லை, அவரும் தாமதமாகத்தான் வந்தார். இப்போது கடையைப் பையனுக்கு முன்னால் அவரே திறக்கிறாராம். காலையில் ஏழு மணிக்கு ஆள் இல்லாத கடையில் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது, நான் வாங்கின கூலியைவிடப் பெரிது.

அப்பா போன வருடம் ஓய்வு பெற்றார். சாமான்களை ஏற்றிவிட்ட பிறகு ஒருமுறை வீடு முழுக்கச் சுற்றி வந்தோம். அலமாரிக் கொக்கியைக் கழற்றின இடத்தில் அடையாளமே இல்லை. முன்னால் இருந்தவர்களின் ஐந்து ஆணிகளும் அப்படியே இருந்தன. அடுத்து வருகிறவர்கள் காலண்டர் மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது வடலூரில் சொந்த வீடு. சின்னதுதான். வந்து மூன்று வாரம் சாமி படம் தரையில் சாய்ந்தே இருந்தது. அம்மா சத்தம் போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை டிரில்லிங் மெஷினோடு வரச் சொன்னார். சுவரில் டேப் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இங்க போடலாம்ல?”

“நம்ம வீடுப்பா.”

“தெரியுது. இருந்தாலும் ஒரு தடவ பாத்துக்க” என்று டேப்பை என்னிடம் நீட்டினார்.